எண்ணிப் பார்த்தவர்கள்

கிருமியும் மருந்தும்: வரலாற்றுத் தொடர் – 11

ஆக்ஸ்ஃபோர்டு காவலர் ஆல்பர்ட் அலெக்சாண்டரின் மரணத்தோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். பெனிசிலின் ஊசியால் சிகிச்சை பெற்ற முதல் நோயாளி அவர். 1941 பிப்ரவரி 12ஆம் தேதி மருந்து ஏறத் தொடங்கியது. நாலைந்து நாளில் காய்ச்சல் தணிந்தது, பசி எடுத்துச் சாப்பிட்டார். அத்தோடு கையிருப்பு தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரைப் பிடித்து, அதில் வெளியேறியிருந்த பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஏற்றிப் பார்த்தார்கள். போதவில்லை. மார்ச் 15இல் இறந்துபோனார். அங்கே மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. இனி வருவது வேறு கதை. மருந்துக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில், பேர்பெற்ற மருத்துவமனைகளின் வார்டுகளுக்குள்ளேயே அது எப்படித் தோற்றது என்ற கதை.

அதே 1941இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையிலிருந்து ஸ்கின்னர், கீஃபர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ரத்தத்தில் கலந்துவிட்ட 122 நோயாளிகளைப் பற்றியது அது. இறந்தவர்கள் நூற்றுக்கு 82 பேர். அதாவது அந்த 122 பேரில் ஏறத்தாழ நூறு பேர் வீடு திரும்பவில்லை.

இத்தனைக்கும் இது எங்கிருந்தோ வந்து தாக்கும் அபூர்வமான கிருமி கிடையாது. நல்ல ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருடைய மூக்குக்குள் அது குடியிருக்கிறது. தோலோடு நிற்கும்வரை அதனால் ஆவது ஒரு வேனல் கட்டி, ஒரு கண்கட்டி, ஒரு நகச்சுற்று. காயத்தின் வழியாகவோ ஊசித் துளையின் வழியாகவோ ரத்தத்தில் இறங்கிவிட்டால்தான் அதன் சுயரூபம் தெரியும். இதய வால்வில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். முதுகெலும்பில் சீழ் கட்டும். சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று போகிற இடமெல்லாம் புண்ணாக்கும்.

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் முறை அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படையில் ஒன்றுதான். மருத்துவமனைகளில் ‘பிளட் கல்ச்சர்’ என்று சொல்வார்கள். கையை மருந்தால் துடைத்து, நரம்பில் ஊசி குத்தி, கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஊட்டக் கரைசல் நிரம்பிய புட்டிக்குள் விட்டு, உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில் வைத்துவிடுவார்கள். கிருமி இருந்தால் ஓரிரு நாளில் புட்டி கலங்கும். கலங்கியதில் ஒரு சொட்டை எடுத்து ரத்தம் கலந்த அகார் தட்டில் இழுத்துவிட்டால், மறுநாள் காலையில் ஊசித்தலை அளவில் பொன்மஞ்சள் புள்ளிகள் முளைத்திருக்கும். எந்த மருந்து கேட்கும் என்று அறிய, அந்தப் புள்ளி ஒன்றை இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை மேலே வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத ஒரு வெற்று வட்டம் தெரியும். வட்டம் விழவில்லை என்றால் அந்த மருந்தை மறந்துவிட வேண்டியதுதான். இந்தப் பகுதியில் வரப்போகிறவர்களில் பலர் இந்தப் புட்டிகளையும் தட்டுகளையும் வருஷக்கணக்காக உட்கார்ந்து எண்ணியவர்கள்.

போர்க்காலத்தில் அமெரிக்கப் பொதுமக்களில் யாருக்குப் பெனிசிலின் கொடுப்பது, யாருக்குக் கையை விரிப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு, பாஸ்டன் கணக்கை எழுதிய அதே செஸ்டர் கீஃபரிடம் வந்து சேர்ந்தது. 122 பேரின் கேஸ் தாள்களைப் புரட்டிய மனிதருக்கு அந்த வேலை எப்படிக் கனத்திருக்கும் என்று ஊகிக்கலாம். போர் முடிந்ததும் பஞ்சமும் முடிந்தது. விலை சரிந்தது. காயத்துக்கு, பிரசவத்துக்கு, தொண்டை வலிக்கு, எதற்கென்று தெரியாத காய்ச்சலுக்கு, எல்லாவற்றுக்கும் பெனிசிலின்.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். 1940 டிசம்பர் 28. அன்றைய ‘நேச்சர்’ இதழில் எட்வர்டு ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தார்கள். பெனிசிலினைச் சிதைத்துவிடும் நொதி ஒன்றைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன என்பது செய்தி. காவலர் அலெக்சாண்டருக்கு முதல் ஊசி போடுவதற்கு ஆறு வாரம் முன்பே, மருந்தை உருவாக்கிய அதே ஆக்ஸ்ஃபோர்டு குழு, மருந்தை முறிக்கும் பொருளையும் பார்த்துவிட்டது! அவர்கள் பார்த்தது குடல்வாழ் கிருமியான ஈ.கோலையில். 1944இல் வில்லியம் கர்பி என்ற அமெரிக்க மருத்துவர், பெனிசிலினுக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளும் அதேபோல மருந்தைச் சிதைக்கின்றன என்று காட்டினார்.

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையில் விடுத்த எச்சரிக்கையை இன்றைக்கும் எல்லாக் கூட்டங்களிலும் எடுத்துச் சொல்கிறார்கள். விவரம் தெரியாத ஒருவர் கடையில் பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் சாப்பிட்டு, தன் உடம்பிலுள்ள கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடுவார் என்பது அவருடைய பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் முதல் அடி அங்கிருந்து விழவில்லை. விவரம் நன்றாகத் தெரிந்தவர்கள், போதுமான அளவில், முறைப்படி ஊசி போட்ட மருத்துவமனைகளிலிருந்துதான் விழுந்தது.

அதைக் கண்டு சொன்னவர் மேரி பார்பர். லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் கிருமியியல் நிபுணர். வார்டுகளிலிருந்து தன் மேசைக்கு வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளில் எத்தனை பெனிசிலினுக்கு அடங்குகின்றன, எத்தனை அடங்கவில்லை என்று கணக்கு வைக்க ஆரம்பித்தார். 1946இல் அடங்காதவை நூற்றுக்கு 14. அடுத்த ஆண்டு 38. அதற்கடுத்த ஆண்டு, 1948இல், 59. இரண்டே வருஷத்தில் சிறுபான்மை பெரும்பான்மையாகிவிட்டது.

எண்ணிக்கையோடு அவர் நின்றிருந்தால் இன்னொரு புள்ளிவிவரக்காரராகப் போயிருப்பார். இந்தக் கிருமிகள் எங்கிருந்து வருகின்றன என்று துருவினார். நோயாளியின் உடம்பில் இருந்த கிருமியே மருந்தோடு பழகிப் பழகித் திடம் பெற்றுவிடுகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பார்பர் கண்டது வேறு. பெனிசிலினைச் சிதைக்கும் கிருமிகள் சில ஆரம்பத்திலிருந்தே இருந்தன. பெனிசிலின் மற்றவற்றைத் துடைத்துப்போட்டதும் காலியான இடத்தில் அவை பரவின. பரவிய பாதை நோயாளிக்கு நோயாளி, கைக்குக் கை. வெளியிலிருந்து வரும்போது மருந்துக்கு அடங்கும் கிருமியோடு வந்த ஆள், வார்டில் படுத்த பிறகு அடங்காத கிருமியை வாங்கிக்கொண்டார். கொடுத்தது யார்? டாக்டரின் விரல், நர்ஸின் மூக்கு, உதறும்போது தூசு பறக்கும் கம்பளிப் போர்வை. அந்தக் கால பிரிட்டிஷ் வார்டுகளில் கம்பளியைக் கொதிக்கவைத்துத் துவைக்க மாட்டார்கள், சுருங்கிவிடும் என்று. பின்னாளில் பல மருத்துவமனைகள் கொதிக்கவைக்கக்கூடிய பருத்திப் போர்வைக்கு மாறியதற்குப் பின்னால் இந்தக் கிருமிதான் இருக்கிறது.

பூமியின் மறுகோடியில் ஃபிலிஸ் ரவுன்ட்ரீ என்ற இன்னொரு பெண்மணி இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனை. 1950களின் தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸ் மகப்பேற்று வார்டுகளில் பச்சிளம் குழந்தைகளின் தோலில் சீழ்க் கொப்புளங்கள் கிளம்பின. தாய்மார்களுக்கு மார்பில் கட்டி. நர்ஸ்களுக்கு உடம்பெங்கும் வேனல் கட்டி. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்கள் உண்டு, ஃபேஜ் என்று பெயர். எந்த ஃபேஜுக்கு எந்தக் கிருமி சாகிறது என்று பார்த்து அதற்கு எண் கொடுப்பது அன்றைய அடையாள முறை. சிட்னிக் கிருமி அதுவரை எண் கொடுக்கப்பட்டிருந்த எதற்கும் சாகவில்லை. அதற்கென்றே ஒரு புது ஃபேஜ் சேர்க்க வேண்டியதாயிற்று; எண் 80. கனடாவில் தனியாகக் கண்டுபிடித்து 81 என்று எண் கொடுத்திருந்த கிருமியும் இதுவும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. 80/81 என்ற பெயரோடு அது பிரிட்டனையும் அமெரிக்காவையும் ஒரு கலக்குக் கலக்கியது. பெனிசிலினுக்கு அடங்காது. குழந்தையோடு வீட்டுக்குப் போகும், வீட்டில் இருப்பவர்களுக்கும் கட்டி வரவைக்கும். 1958இல் அமெரிக்காவில் மருத்துவமனை ஸ்டஃபைலோகாக்கஸைப் பற்றியே அட்லாண்டாவில் ஒரு தேசிய மாநாடு கூட்ட வேண்டிய நிலை வந்தது.

மறுபடியும் பாஸ்டன். கீஃபர் கணக்கு எழுதிய அதே நகர மருத்துவமனையில் மேக்ஸ்வெல் ஃபின்லாந்து என்ற மருத்துவர் இருந்தார். கீவ் அருகே பிறந்து, நாலு வயதில் பாஸ்டனுக்கு வந்தவர். மருந்து நிறுவனங்கள் புதிது புதிதாக ஆன்டிபயாடிக் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. ஆரியோமைசின், குளோராம்ஃபெனிக்கால், எரித்ரோமைசின் என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. ஃபின்லாந்து அந்த விளம்பரங்களுக்கு மயங்குகிற ஆள் இல்லை. 1935இல் தொடங்கி 1957 வரை, இடையிடையே சில ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்து, தன் மருத்துவமனையில் ரத்தத்தில் கிருமி கண்ட ஒவ்வொரு நோயாளியையும் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்து எண்ணினார். 1959இல் முடிவை வெளியிட்டார். நிமோனியாக் கிருமியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் குறைந்திருந்தன, அது எதிர்பார்த்ததே. ஆனால் அந்த இடத்தை ஸ்டஃபைலோகாக்கஸும், ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகளும் பிடித்திருந்தன. ரத்தத் தொற்றும் அதனால் வரும் மரணமும் மொத்தத்தில் குறைந்தபாடில்லை. 1947க்குப் பிறகு ஏறிக்கொண்டும் இருந்தன. பெனிசிலின் யுகத்தின் வெற்றி முழக்கம் உச்சத்தில் இருந்த நேரத்தில், அதன் நடுவே ஒருவர் பழைய ரெக்கார்டுகளைக் கொண்டுவந்து போட்டு, ‘இந்தாருங்கள், கூட்டிப் பாருங்கள்’ என்று சொன்னதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். பரிசுகளும் பட்டங்களும் மருந்து கண்டுபிடித்தவர்களுக்குப் போயின. ஃபின்லாந்தின் பெயர் தொற்றுநோய் மருத்துவர்களின் வட்டத்துக்கு வெளியே அதிகம் தெரியாது.

லண்டனில் பார்பர், கணக்கெடுத்ததோடு விடாமல் களத்திலும் இறங்கினார். 1950களின் பிற்பகுதியில் ஹேமர்ஸ்மித்தில் ஒரு கட்டுப்பாடு வந்தது. பெனிசிலினை நினைத்த மாத்திரத்தில் எழுதக் கூடாது. ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூடவே வார்டில் கிருமி கைமாறாமல் தடுக்கும் ஏற்பாடுகள். பலன் கிடைத்தது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளின் பங்கு அந்த மருத்துவமனையில் இறங்கியது. 1960இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். ஏறியதை இறக்கவும் முடியும் என்று காட்டிய முதல் சில கணக்குகளில் அது ஒன்று. பார்பர் 1965இல் ஒரு கார் விபத்தில் இறந்தார்.

அந்தக் கட்டுரையை நிதானமாக உட்கார்ந்து படிக்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை. காரணம், அதே 1960இல் மெத்திசிலின் வந்துவிட்டது.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிராக்கம் பார்க் என்ற இடத்தில் பீச்சம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். பெனிசிலின் மூலக்கூற்றின் நடுத்தண்டை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க 1957இல் அங்கிருந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். தண்டு கையில் இருந்தால் அதில் விருப்பமான கிளையை ஒட்டவைக்கலாம். ஸ்டஃபைலோகாக்கஸின் நொதி கடிக்க முடியாதபடி ஒரு கிளையை ஒட்டவைத்தார்கள். சோதனை எண் பி.ஆர்.எல். 1241. கடைப்பெயர் செல்பெனின். மருத்துவப் பெயர் மெத்திசிலின். வாயால் சாப்பிட முடியாது, ஊசிதான். ஆனால் 80/81 உட்பட அன்றைய முரட்டுக் கிருமிகள் எல்லாம் அதற்கு அடங்கின. அடங்கியதைப் பார்த்த உற்சாகத்தில் செய்த ஒரு காரியத்தை இன்று படித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். மகப்பேற்று வார்டு ஒன்றில் கிருமி பரவுவதைத் தடுக்க மெத்திசிலினைக் கரைத்துக் காற்றிலேயே தெளித்துப் பார்த்தார்கள், கொசுமருந்து அடிப்பதைப்போல. 1960ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் எலெக், ஃபிளெமிங் (பெனிசிலின் ஃபிளெமிங் இல்லை, வேறொருவர்) என்ற இருவர் அதைப் புதிய உத்தி என்றே எழுதியிருக்கிறார்கள். தொட்டில்களில் கிடந்த குழந்தைகளும், தாய்மார்களும், நர்ஸ்களும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். அவர்கள் மூக்கில் குடியிருந்த கிருமிகளும்தான்.

லண்டனின் வடக்கே காலின்டேல். நாட்டிலுள்ள மருத்துவமனைகள் தங்களுக்குச் சந்தேகமான ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளை அனுப்பிவைக்கும் தலைமை ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. புது மருந்து வந்துவிட்டதால், வரும் கிருமிகளை எல்லாம் செல்பெனினோடும் சேர்த்துச் சோதிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பாட்ரிசியா ஜெவன்ஸ் அந்த வேலையில் இருந்தார். 5,000க்கும் மேற்பட்ட கிருமிகளைப் பார்த்ததில் மூன்று மட்டும் அடங்க மறுத்தன. மூன்றும் தென்கிழக்கு இங்கிலாந்தின் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தவை. ஒன்று சிறுநீரகத்தை அறுத்து எடுத்த ஒரு நோயாளியிடம் கிடைத்தது. மற்றொன்று ஒரு நர்ஸிடம். 1961 ஜனவரியில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழுக்கு ஜெவன்ஸ் எழுதிய குறுங்கடிதம் இதைத்தான் சொன்னது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்த கிருமியின் முதல் பதிவு அது. பிறகு சர்ரேயின் கார்ஷால்டனில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் இவ்வகைக் கிருமி எட்டு வார்டுகளுக்குப் பரவி, 37 பேரைப் பிடித்து, ஓர் உயிரையும் எடுத்துக்கொண்டது. 1963இல் அதுவும் பதிவானது.

இது எப்படித் தப்பியது என்று புரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொண்டு வாழ்கிறது. சுவரைக் கட்டும் கொத்தனார்கள் சில புரதங்கள். பெனிசிலினும் மெத்திசிலினும் அந்தக் கொத்தனார்களின் கையைக் கட்டிவிடும். சுவர் பாதியில் நிற்கும். கிருமி வெடித்துச் சாகும். பழைய முரட்டுக் கிருமி, கட்ட வரும் கயிற்றை அறுத்தது. எம்.ஆர்.எஸ்.ஏ. கயிற்றைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அந்தக் கயிறு சரியாகப் பிடிக்காத வேறொரு கொத்தனாரை வேலைக்கு அமர்த்திக்கொண்டது. ‘மெக்-ஏ’ என்ற மரபணு கொடுக்கும் புரதம் அது. இதனால் மெத்திசிலின் மட்டும் போகவில்லை. அந்தக் குடும்பத்து மருந்துகள் கிட்டத்தட்ட அத்தனையும் ஒரே அடியில் போயின.

மருந்து வந்து சில மாதத்தில் கிருமி கற்றுக்கொண்டுவிட்டது என்றுதான் பாடப்புத்தகங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதிவந்தன. 2017இல் அந்தக் கதை மாறியது. காலின்டேலில் உறைநிலையில் உலர்த்திப் பத்திரப்படுத்தியிருந்த 1960ஆம் ஆண்டு முதலான பழைய கிருமிகளை எடுத்து, காட்ரியோனா ஹார்க்னெஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 209 மாதிரிகளின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்தார்கள். மாற்றங்கள் சேரும் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணித்தால், மெக்-ஏ இந்தக் கிருமிக்குள் நுழைந்தது 1940களின் நடுப்பகுதி. மெத்திசிலின் பிறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்! பெனிசிலினைத் தாராளமாகக் கொட்டியதே, இன்னும் வராத மருந்தையும் தாங்கும் கிருமியைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிட்டது. ஹேமர்ஸ்மித்தில் பார்பர் நோட்டுப் புத்தகத்தில் 14, 38 என்று எழுதிக்கொண்டிருந்த அதே காலம்.

அதற்கும் முன்னால் ஒரு காலம் உண்டு. எம்.ஆர்.எஸ்.ஏ.யின் இன்னொரு கிளை ஐரோப்பாவின் முள்ளெலிகளின் தோலில் ஆன்டிபயாடிக் காலத்துக்கு முன்பிருந்தே வாழ்ந்திருக்கிறது என்று 2022இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முள்ளெலியின் தோலில் படரும் ஒரு பூஞ்சை தானாகவே பெனிசிலின் வகைப் பொருளைச் சுரக்கிறதாம். அதோடு மல்லுக்கட்டிப் பழகிய கிருமி அது. நம் கதைக்கு இது கிளைக்கதைதான். முள்ளெலியை யாரும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகவில்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளில் நாட்டுக்கு நாடு தலையெழுத்து மாறியது. டென்மார்க்கில் ரத்தத்தில் காணும் ஸ்டஃபைலோகாக்கஸை நாடு முழுக்க 1950களிலிருந்தே பதிந்துவந்தார்கள். 1960களின் கடைசியில் அவற்றில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று தெரிந்தது. 1980களில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நெதர்லாந்தில் ‘தேடி அழி’ என்றே ஒரு முறை. வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்துவிட்டு வந்த நோயாளியைத் தனி அறையில் வைத்து, மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்து, கிருமி இல்லை என்று உறுதியான பிறகே வார்டுக்கு விடுவார்கள். கிருமி சுமக்கும் டாக்டராக இருந்தாலும் வேலைக்கு வரக் கூடாது.

கிருமியை முதலில் கண்டுபிடித்த இங்கிலாந்து என்ன செய்தது? சில காலம் சமாளித்தது, பிறகு அசந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் அங்கே ரத்தத்தில் கண்ட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் நூற்றுக்கு இரண்டு அளவில் இருந்த எம்.ஆர்.எஸ்.ஏ., அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நாற்பதைத் தாண்டியது. ஈ.எம்.ஆர்.எஸ்.ஏ. 15, 16 என்ற இரண்டு புதிய வம்சங்கள் மருத்துவமனை விட்டு மருத்துவமனை பாய்ந்தன. படுக்கைகள் நெருக்கம், ஒரே நோயாளியை வார்டு மாற்றி வார்டு தள்ளுவது, எல்லாவற்றுக்கும் மேலாக நரம்பில் செருகியிருக்கும் குழாய்கள். நம்மூர் நர்ஸ்கள் ‘வென்ஃப்ளான்’ என்று சொல்லும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் குழாயையும், கழுத்து நரம்பில் இறக்கும் பெரிய குழாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். தோலிலிருந்து ரத்தத்துக்கு நேர்வழி. அவசரத்தில் சரியாகக் கை கழுவாமல் போட்டு, தேவை முடிந்தும் எடுக்க மறந்து, நாள்கணக்கில் கிடக்கும் குழாய்.

2000ஆம் ஆண்டு பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை கொடுத்தது. மருத்துவமனையில் தொற்றும் நோய்களால் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 5,000 பேர் வரை இறக்கலாம், நூறு கோடி பவுண்டு செலவாகலாம் என்று மதிப்பிட்டது. டாக்டர்கள் சொல்லி அசையாதவர்கள் ஆடிட்டர்கள் சொன்னதும் அசைந்தார்கள். 2001 ஏப்ரலிலிருந்து எம்.ஆர்.எஸ்.ஏ. ரத்தத் தொற்றை ஒவ்வொரு மருத்துவமனை அறக்கட்டளையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மருத்துவமனையின் பெயரோடு எண்கள் வெளியாயின. பத்திரிகைகள் விடுமா? 2005 பொதுத் தேர்தலில், ஒரு மருத்துவமனையைச் சுத்தமாக வைத்திருப்பது அவ்வளவு கஷ்டமா என்று கேட்டு கன்சர்வேட்டிவ் கட்சி சுவரொட்டியே அடித்தது. கிருமி தேர்தல் பிரச்சினையாவது அபூர்வம்.

2003–04இல் எண்ணிக்கை சுமார் 7,700. அதை 2008க்குள் பாதியாக்க வேண்டும் என்று 2004 நவம்பரில் சுகாதார அமைச்சர் ஜான் ரீட் அறிவித்தார். நடக்கிற காரியமா என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். செய்தவை எல்லாம் சில்லறைக் காரியங்கள்: படுக்கைக்குப் படுக்கை ஆல்கஹால் கைத்தேய்ப்புப் புட்டி, முழங்கைக்குக் கீழே கோட்டு, கடிகாரம், மோதிரம் கூடாது என்ற விதி, குழாய் போட்ட தேதியைக் குறித்துவைத்து, தினமும் இது இன்னும் வேண்டுமா என்று கேட்பது, அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களின் மூக்கைச் சோதிப்பது, ஒவ்வொரு ரத்தத் தொற்றுக்கும் எங்கே தவறியது என்று விசாரணை. எண் இறங்கியது. 2008–09இல் 2,935. 2010–11இல் 1,481. 2013–14இல் 862.

இதே காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழுவினர் கழுத்துக் குழாய் போடுவதற்கு ஓர் ஐந்து வரிப் பட்டியலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கை கழுவு, நோயாளியை முழுக்கத் துணியால் மூடு, குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடை, தொடை நரம்பைத் தவிர், தேவை முடிந்ததும் எடு. ஏதாவது ஒன்றை டாக்டர் தாவினால் நர்ஸ் நிறுத்தச் சொல்லலாம் என்ற அதிகாரமும் கொடுத்தார்கள். குழாய் வழி ரத்தத் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று 2006இல் அறிவித்தார்கள். புது மருந்து ஒன்றும் இல்லை.

இங்கிலாந்தின் இறக்கம் முழுவதையும் கை கழுவியதன் கணக்கில் எழுதிவிட முடியுமா என்பதில் சண்டை உண்டு. ஈ.எம்.ஆர்.எஸ்.ஏ. 16 தானாகவே தேய்ந்துகொண்டிருந்தது என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 80/81ம் 1960களில் அப்படித்தான் மங்கியது. மெத்திசிலினுக்கு அடங்கும் சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸின் ரத்தத் தொற்று அதே வேகத்தில் குறையவும் இல்லை. ஆக, பாதி வெற்றி நிச்சயம், மீதி வாதத்துக்குரியது.

இன்னொரு வரிசையும் அதே அறிக்கைகளில் இருக்கிறது. 2011இலிருந்து ஈ.கோலை ரத்தத் தொற்றையும் கட்டாயம் எண்ணத் தொடங்கினார்கள். முதல் முழு ஆண்டுகளில் 32,000ஐ ஒட்டி இருந்தது, 2018–19இல் 43,000ஐத் தாண்டியது. இது மூக்கில் இருப்பதன்று, குடலில் இருப்பது. பெரும்பாலும் சிறுநீர்ப் பாதை வழியாக, வீட்டிலிருக்கும்போதே ரத்தத்தில் ஏறுவது. கையில் ஜெல் தேய்த்துத் தடுக்கும் ஜாதி இல்லை. ஃபின்லாந்து 1959லேயே பட்டியலில் காட்டியிருந்த குடல் கிருமிகள் இவைதான். இவற்றுக்குக் கடைசித் துணையாக வைத்திருந்தவை கார்பபெனெம் குடும்பத்து மருந்துகள்.

2010 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில், அந்தக் கடைசி மருந்துகளையும் முறிக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதியைச் சுமந்த குடல் கிருமிகளின் கணக்கு ஒன்று வந்தது. ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73. எஞ்சிய 44 சென்னையில். கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. தில்லியின் பெயரை நொதிக்கு வைத்ததற்காக நாடாளுமன்றம் வரை எழுந்த கூச்சலையும், அந்தக் கூச்சலில் 44 என்ற எண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதையும் அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

(தொடரும்)